ஒரு வீடு, மூன்று தொலைபேசி எண்கள்: இணையத் தொலைபேசியில் அமைப்பது எப்படி?

ரொறன்ரோவில் நெடுநாளாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிடம் 416 என்ற ஊர்க் குறியீட்டோடு தொடங்கும் ஒரு பழைய எண் இருக்கும். கோயில், குடும்ப டொக்டர், ஊர்ச்சனம் என்று எல்லாரிடமும் இருப்பது அதுதான், விடவே முடியாது. வீட்டில் சாப்பாட்டு ஓடரோ வரிக்கணக்கு வேலையோ தொடங்கினால் அதற்குத் தனியாக ஒன்று வேண்டும். லண்டனில் இருக்கும் பெரியம்மா கைபேசிப் பக்கமே போகாதவர் என்றால், அவர் உள்ளூர் அழைப்பாகவே கூப்பிட ஒரு லண்டன் எண்ணும் இருந்தால் நல்லது. செப்புக்கம்பிக் காலத்தில் எண்ணுக்கு ஒரு லைன், லைனுக்கு ஒரு மாத வாடகை. லண்டன் எண்ணைப் பற்றி நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டோம்.

இணையத் தொலைபேசியில் எண் உங்கள் போனில் இல்லை, சேவை நிறுவனத்தின் சேர்வரில் ஒரு பதிவாக இருக்கிறது. வீட்டுப் போன் என்பது பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து அந்தச் சேர்வரில் நுழையும் ஒரு கணக்கு, அவ்வளவுதான். எந்த எண்ணுக்கு வரும் அழைப்பு எந்தக் கணக்கில் மணியடிக்க வேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். இது பிடிபட்டால் மிச்சமெல்லாம் பெட்டிகளை நிரப்பும் வேலைதான்.

தொடங்கும் முன் ஒன்று. இன்டர்நெட் கம்பனி மோடத்தோடு சேர்த்துத் தரும் போன் சேவையில் இதைச் செய்வது கடினம். அந்தக் கணக்கின் கடவுச்சொல்லைப் பெரும்பாலும் அவர்களே வைத்திருப்பார்கள். உங்கள் சொந்தக் கருவியை இணைக்க விடும் நிறுவனம் வேண்டும். மொன்றியலின் வொய்ப்.எம்எஸ் அப்படிப்பட்ட ஒன்று. கருவிக்கு, கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி802 போல இரண்டு போன் துளைகள் உள்ள சிறிய அடப்டர் போதும். அழைப்பவர் எண்ணைக் காட்டும் சாதாரண வீட்டுப் போன்கள் இரண்டை அதில் செருகலாம். இணைய வேகம் பற்றிக் கவலை வேண்டாம். வழக்கமான ஜி.711 ஒலிமுறையில் ஓர் அழைப்புக்குப் போக 90, வர 90 கிலோபிட் அளவுதான்.

1. முதலில் தாளில் எழுதுங்கள்

எந்த எண் எந்தப் போனில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை அடிக்க வேண்டும்? எடுக்காவிட்டால் எங்கே போக வேண்டும்? அப்புறம், அந்தப் போனிலிருந்து நீங்கள் அழைத்தால் மறுமுனையில் எந்த எண் தெரிய வேண்டும்? கடைசிக் கேள்வியைத்தான் புதியவர்கள் மறக்கிறார்கள். நம் எடுத்துக்காட்டில் 416 எண்ணும் லண்டன் எண்ணும் வீட்டுப் போனுக்கு, மூன்றாவது எண் தொழில் போனுக்கு.

2. எண்களைச் சேர்த்தல்

புதிய எண் வாங்குவது சில நிமிட வேலை. ஆனால் புதிதாக 416 கிடைக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். அது நிரம்பித்தான் 2001இல் 647, 2013இல் 437, 2025இல் 942 என்று ரொறன்ரோவுக்கு அடுத்தடுத்துக் குறியீடுகள் வந்தன. தொழிலுக்கு இவற்றில் எது கிடைத்தாலும் சரி. லண்டனுக்கு 020 எண்ணைக் கேளுங்கள். சென்னை, யாழ்ப்பாண எண்களும் இப்படியே கிடைக்கும் என்று திட்டம் போடாதீர்கள், அங்குள்ள உரிம விதிகள் வேறு.

பழைய 416ஐ மாற்றிக்கொண்டு வரும்போது நிதானம் தேவை. மாற்றம் முடியும்வரை பழைய லைனை நீங்களாக வெட்டக் கூடாது, வெட்டினால் எண்ணும் கையை விட்டுப் போகலாம். படிவத்தில் எழுதும் பெயரும் முகவரியும் பழைய பில்லில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். லைன் காலமான அப்பாவின் பெயரில் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அதே கம்பியில்தான் டிஎஸ்எல் இணையமும் வருகிறதா? அப்படியென்றால் எண் போகும்போது இணையமும் போய்விடக்கூடும். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

3. போனுக்கு ஒரு துணைக்கணக்கு

நிறுவனத்தின் பக்கத்தில் 'சப் அக்கவுண்ட்ஸ்' பகுதியில் வீட்டுக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று என இரண்டு துணைக்கணக்குகளை உருவாக்குங்கள். கடவுச்சொல் நீளமாக, இரண்டுக்கும் வேறுவேறாக இருக்கட்டும். இணையத்தில் எந்நேரமும் சிப் (SIP, இணையத் தொலைபேசி அழைப்புகளை இணைக்கும் முறை) கணக்குகளைத் துழாவிக்கொண்டிருக்கும் திருடர்கள் இருக்கிறார்கள். ஒன்று அகப்பட்டால், விலை கூடிய வெளிநாட்டு எண்களுக்கு இரவோடிரவாக அழைத்து மீதியைக் கரைத்துவிடுவார்கள். வெளிநாட்டு அழைப்பைத் தேவையான நாடுகளுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். முன்பணம் கட்டும் சேவையில், மீதி குறைந்ததும் அட்டையிலிருந்து தானாக எடுக்கும் வசதியை அணைத்து வைப்பது என் வழக்கம்.

4. அடப்டரை இணைத்தல்

அடப்டரை ரௌட்டரில் செருகி, முதல் துளையில் போனை மாட்டுங்கள். போனை எடுத்து நட்சத்திரக் குறியை மூன்று முறை அமுக்கி, பிறகு 02 அழுத்தினால் அதன் ஐபி முகவரியைக் குரலில் சொல்லும். அதைக் கணினியின் பிரவுசரில் தட்டுங்கள். 'எஃப்எக்ஸ்எஸ் போர்ட் 1' பக்கத்தில் சேர்வர் பெயர், சிப் யூசர் ஐடி, கடவுச்சொல் ஆகிய மூன்றும்தான் முக்கியம், மற்றதைத் தொடாதீர்கள். யூசர் ஐடி துணைக்கணக்கின் பெயர், உங்கள் மின்னஞ்சல் அல்ல. இரண்டாவது பக்கத்தில் தொழில் கணக்கைக் கொடுத்துச் சேமியுங்கள். நிலைப் பக்கத்தில் இரண்டும் 'ரெஜிஸ்டர்ட்' என்று காட்ட வேண்டும்.

நிறுவனத்துக்குப் பல ஊர்களில் சேர்வர்கள் இருந்தால், எண்ணுக்குத் தேர்ந்த சேர்வரையே அடப்டரிலும் கொடுங்கள். இவை வேறுபட்டால் நீங்கள் வெளியே அழைக்கலாம், ஆனால் உள்ளே வரும் அழைப்பு மணியடிக்காமல் போகும்.

5. உள்ளே வரும் அழைப்புகள்

416 எண்ணின் அமைப்பில் 'ரூட்டிங்' என்ற இடத்தில் வீட்டுக் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். லண்டன் எண்ணுக்கும் அதையேதான். கூடவே அழைப்பவர் பெயருக்கு முன்னொட்டு சேர்க்கும் இடத்தில் 'லண்டன்' என்று போட்டால், போன் திரையைப் பார்த்ததுமே எந்த எண்ணுக்கு வந்தது என்று தெரிந்துவிடும். இரண்டு எண்கள் ஒரே போனில் அடிக்கும் வீட்டில் இந்தச் சின்ன வசதி பெரிய உதவி.

லண்டனில் காலை எட்டு மணி என்பது ரொறன்ரோவில் அதிகாலை மூன்று மணி. பெரியம்மாவுக்கு அது நினைவிருக்காது. அதனால் 'டைம் கண்டிஷன்' வசதியில் இரவு பதினொன்று முதல் காலை ஏழு வரை லண்டன் எண்ணைக் குரல் அஞ்சலுக்குத் திருப்புங்கள். அவசரத்துக்கு 416 எண் அவரிடம் இருக்கட்டும், அதற்கு நேரக் கட்டுப்பாடு வேண்டாம்.

தொழில் எண்ணுக்கு 'ரிங் குரூப்' பொருத்தம். தொழில் போனும் உங்கள் கைபேசியும் ஒரே நேரத்தில் அடிக்கும். கைபேசி அணைந்திருந்தால் அதன் சொந்தக் குரல் அஞ்சல் முந்திக்கொண்டு அழைப்பை எடுத்துவிடும், வாடிக்கையாளரின் செய்தி தவறான பெட்டியில் போய் விழும். கைபேசி எண்ணுக்குத் திருப்பாமல், கைபேசியில் சிப் செயலி ஒன்றைப் போட்டு அதற்கு இன்னொரு துணைக்கணக்குக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

6. வெளியே போகும் அழைப்புகள்

ஒவ்வொரு துணைக்கணக்கிலும் 'காலர் ஐடி' என்ற இடத்தில் காட்ட வேண்டிய எண்ணைக் கொடுங்கள். வீட்டுக்கு 416, தொழிலுக்குத் தொழில் எண். விட்டுவிட்டால் வாடிக்கையாளரிடம் வீட்டு எண் போய்ச் சேரும், அடுத்த ஞாயிறு மதியம் இடியப்பம் கேட்டு வீட்டுப் போன் அடிக்கும். உங்களுக்குச் சொந்தமான எண்களை மட்டுமே காட்டுங்கள். அழைப்பின் எண் உண்மையா என்று சரிபார்க்கும் ஸ்டிர்/ஷேக்கன் முறை கனடாவில் 2021 நவம்பர் 30 முதல் கட்டாயம். லண்டனுக்கு அழைக்கும்போது லண்டன் எண்ணைக் காட்டும் ஆசையும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பிரிட்டிஷ் எண்ணோடு வரும் அழைப்பை அங்குள்ள கம்பனிகள் மோசடி என்று தடுத்துவிடலாம். 416 தெரிந்தால் போதும், பெரியம்மா எடுப்பார்.

7. 911

தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். உள்ளூர் இணையத் தொலைபேசி நிறுவனங்கள் 911 அவசர அழைப்பு வசதி தர வேண்டும் என்று கனடாவின் தொலைத்தொடர்பு ஆணையமான சிஆர்டிசி 2005இலேயே உத்தரவிட்டது. ஆனால் நீங்கள் எங்கிருந்து அழைக்கிறீர்கள் என்று சேர்வருக்குத் தானாகத் தெரியாது, நீங்கள் பதிந்த முகவரிதான் தெரியும். வெளியே காட்டும் ஒவ்வொரு கனடா எண்ணுக்கும் 911 வசதியை இயக்கி, அடித்தள வீடு என்றால் அதையும் சேர்த்து முகவரியை எழுதுங்கள். வீடு மாறினால் அன்றே மாற்றுங்கள். சோதனைக்காக 911ஐ அழைக்கக் கூடாது, அதற்கான சோதனை எண்ணை நிறுவனத்திடம் கேளுங்கள். கரண்ட் போனால் ரௌட்டர், அடப்டர் எல்லாம் நிற்கும். ஒரு சிறிய யுபிஎஸ் வாங்கி மோடத்தையும் சேர்த்து அதில் மாட்டுங்கள். வீட்டில் முதியவர்கள் இருந்தால் இது கட்டாயம்.

8. சோதனை

கைபேசியிலிருந்து 416க்கும் தொழில் எண்ணுக்கும் அழைத்து, சரியான போன் அடிக்கிறதா என்று பாருங்கள். லண்டன் எண்ணைப் பெரியம்மாவே அழைத்துப் பார்க்கட்டும். பிறகு இரண்டு போன்களிலிருந்தும் கைபேசிக்கு அழைத்துத் திரையில் எந்த எண் வருகிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்டாலோ, அழைப்பு சிறிது நேரத்தில் தானாக அறுந்தாலோ, முதலில் ரௌட்டரில் 'சிப் ஏஎல்ஜி' என்ற அமைப்பைத் தேடி அணையுங்கள். உதவி செய்வதற்காக வைத்த வசதிதான், ஆனால் பல ரௌட்டர்களில் அதுவே அழைப்பைக் குழப்பிவிடும். அணைத்த பின் அடப்டரை ஒருமுறை நிறுத்தித் தொடங்கி, மறுபடி அழைத்துப் பாருங்கள்.