பழைய நீர்மூழ்கிக் கப்பலை வாங்கினால் முதலில் எதைக் கழற்றிப் பார்ப்பது

கப்பல் எத்தனை வருஷம் ஓடியது என்பதை எல்லோரும் கேட்பார்கள். எத்தனை வருஷம் ஓடாமல் கிடந்தது என்பதுதான் முக்கியமான கேள்வி. பிரிட்டனின் அப்ஹோல்டர் வகை நீர்மூழ்கிகள் நான்கும் 1990 முதல் 1993 வரை பணியில் சேர்ந்து, 1994-க்குள் ஓரங்கட்டப்பட்டவை. 1998-ல் கனடா வாங்கியபோது வயதில் இளசுதான். ஆனாலும் எஞ்சின் புகை வெளியேறும் வால்வுகளில் விரிசல் இருந்தது. ஒரு கப்பலின் உடலில் பள்ளமே விழுந்திருந்தது.

ஆகவே கடல்நீரோடு தொடர்புள்ள வால்வு அத்தனையையும் கழற்றுங்கள். திருகித் திறந்து மூடிப் பார்த்தால் போதாது. பிரித்து, சாயம் ஊற்றி விரிசல் தேட வேண்டும். 100 மீட்டர் ஆழத்தில் 5 செ.மீ. துளை வழியே நொடிக்குச் சுமார் 50 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு மூன்று டன் தண்ணீர் பீய்ச்சும். அடுத்து, அழுத்தம் தாங்கும் உருக்குத் தகட்டின் கனத்தை அல்ட்ராசோனிக் கருவியால் அளக்க வேண்டும். புதுப் பெயின்ட் அடித்த இடத்தை அளந்து திருப்திப்படுவது வீண் வேலை. தண்ணீர் தேங்கும் அடிப்பகுதி, பேட்டரி அறையின் தரை, இந்த இரண்டும்தான் அதிகம் அரிபடும்; கசிந்த அமிலம் ஓசைப்படாமல் தகட்டைத் தின்னும். கனம் குறைந்திருந்தால், சரிசெய்யும்வரை ஆழ வரம்பைக் குறைத்து எழுதிக் கொடுங்கள்.

மின்கம்பிகளுக்கு அதிக நாள் ஒதுக்குங்கள். அப்ஹோல்டர்களில் ஒன்றான சிக்கூட்டிமி, 2004 அக்டோபர் 5 அன்று அயர்லாந்துக்கு அப்பால் நீர்மட்டத்தில் போய்க்கொண்டிருந்தது. பழுது பார்ப்பதற்காக மேல்மூடி, கீழ்மூடி இரண்டும் திறந்திருந்த நேரத்தில் அலை உள்ளே இறங்கி, சுமார் 2,000 லிட்டர் தண்ணீர் புகுந்தது. மின்கம்பி இணைப்புகளில் நீர் புகாப் பூச்சு மூன்று அடுக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே இருந்தது. தீப்பொறி, தீ, புகை. ஒரு அதிகாரி உயிரிழந்தார். ஒவ்வொரு இணைப்பின் உறையையும் பிரித்து அடுக்குகளை எண்ணுங்கள். மெகர் (மின்காப்பின் தடையை அளக்கும் கருவி) வைத்துக் காய்ந்த நிலையில் ஒருமுறை, ஈரம் படிந்த நிலையில் ஒருமுறை அளவெடுங்கள். காய்ந்த கம்பி பெரும்பாலும் நல்ல அளவைத்தான் காட்டும். பழைய உரிமையாளர் ‘மாற்ற வேண்டும்’ என்று எழுதிவிட்டு மாற்றாமல் விட்ட வேலைகளின் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள்.

ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றும். 2 சதவீதத்தைத் தாண்டவிடாதீர்கள். பழைய சென்சாரை நம்பாமல், தெரிந்த அளவு வாயுவைக் காட்டிச் சரிபாருங்கள். கடல்நீர் பேட்டரியில் பட்டால் குளோரின் என்ற நச்சு வாயு எழும் என்பதால், அறையின் மூடி ரப்பரையும் மாற்றியாக வேண்டும்.

ஸ்நார்க்கல், அதாவது முழுகியபடியே டீசல் எஞ்சினுக்குக் காற்றிழுக்கும் குழாய்; அதன் வால்வு தனி விஷயம். அது மூடிக்கொண்டபின்னும் டீசல் எஞ்சின் நிற்காவிட்டால், உள்ளிருப்பவர்களின் காற்றையே இழுத்துவிடும். 2003-ல் சீனாவின் மிங் வகை நீர்மூழ்கி 361-ல் 70 பேர் இறந்ததற்கு இதுவே காரணம் என்பது பரவலான கணிப்பு. அதே வகையில் இரண்டை 2016-ல் வங்கதேசம் பெற்றது. உள் அழுத்தம் குறைந்ததும் எஞ்சின் தானாக நிற்கிறதா என்று துறைமுகத்திலேயே, வால்வைக் கையால் மூடிப் பாருங்கள்.

முதல் முழுக்குக்கு முன், மூடிகளை அடைத்து உள்ளிருந்து கொஞ்சம் காற்றை உறிஞ்சி, காற்றழுத்தமானியைக் கவனியுங்கள். முள் திரும்பி ஏறினால் எங்கோ ஒழுகுகிறது. முழுக்குச் சோதனையை, கப்பல் தாங்கும் ஆழத்தைவிடக் கடலின் ஆழம் குறைவாக இருக்கும் இடத்தில், துணைக்கப்பல் நிற்கும்போது மட்டும் நடத்துங்கள்.