கார்பரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்த வி8: ஐடில் நிற்காவிட்டால் எங்கே தொடங்குவது

பழைய அமெரிக்க வி8 கார்களில், உதாரணமாக 350 கன அங்குல ஷெவர்லே ஸ்மால் பிளாக்கில், நான்கு பேரல் கார்பரேட்டரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஹோலி ஸ்னைப்பர், ஃபைடெக் போன்ற த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷனை மாட்டுகிறவர்கள் அதிகம். ஓட்டத்தில் வண்டி அருமையாகப் போகும். சிக்னலில் நின்றால்தான், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடும் ஐடிலில்தான், வம்பு. ஆர்.பி.எம். 600-க்கும் 1,000-க்கும் இடையே ஊசலாடும், அல்லது 1,200-ஐ விட்டு இறங்காது, அல்லது கியரை டிரைவில் போட்டதுமே இன்ஜின் அணைந்துவிடும். உடனே லேப்டாப்பைத் திறந்து, எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் என்று சொல்லும் பெட்ரோல் அட்டவணையில் கை வைப்பதுதான் பலரும் செய்யும் முதல் தப்பு.

கார்பரேட்டர் வண்டியில் எங்காவது காற்று கசிந்தால் ஐடில் உடனே கெடும், காதுக்கே தெரியும். இன்ஜெக்ஷனில் அப்படியில்லை. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யூ. மூன்று வழிகளில் ஐடிலைப் பிடித்து வைத்திருக்கிறது: த்ராட்டில் தகட்டைச் சுற்றிக் காற்று விடும் ஐ.ஏ.சி. வால்வால் காற்றைக் கூட்டிக் குறைக்கிறது, ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துப் பெட்ரோலைத் திருத்துகிறது, டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) அதன் கையில் இருந்தால் அதையும் நகர்த்துகிறது. ஒரு கோளாறு வந்தால் இந்த மூன்றும் முட்டுக்கொடுத்து அதை மறைத்துவிடும். மறைக்க முடியாத அளவுக்குப் போன பிறகுதான் நமக்குத் தெரிய வரும். ஆகவே இன்ஜின் சத்தத்தைவிட, இ.சி.யூ. எவ்வளவு திருத்திக்கொண்டிருக்கிறது என்ற எண்களை நம்புங்கள். ஐ.ஏ.சி. சதவீதம் (அந்த வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது), ஏ.எஃப்.ஆர். (காற்று-பெட்ரோல் விகிதம்), பெட்ரோல் திருத்தச் சதவீதம், மேப் (இன்டேக் மேனிஃபோல்டுக்குள் இருக்கும்) அழுத்தம், பேட்டரி வோல்ட், டி.பி.எஸ். (த்ராட்டில் திறப்பு), கூலன்ட் வெப்பம் ஆகிய ஏழையும் கைத்திரையில் ஒரே பக்கத்தில் வரும்படி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

த்ராட்டில் ஸ்க்ரூ: பாதி வண்டிகள் இங்கேயே சரியாகும்

இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வந்து நிலைக்க வேண்டும். ஆறிய இன்ஜினில் இந்தச் செட்டிங்கைத் தொட்டால் பிறகு திரும்பவும் செய்யவேண்டி வரும். கூலிங் ஃபேன், ஏ.சி., விளக்குகள் எல்லாம் ஆஃப்.

இப்போது ஐ.ஏ.சி. சதவீதத்தைப் பாருங்கள். ஹோலி முறையில் சூடான ஐடிலில் அது 2 முதல் 10 வரை இருக்க வேண்டும். 30, 40 என்று காட்டினால் த்ராட்டில் தகடுகள் அளவுக்கு மீறி மூடியிருக்கின்றன. தேவையான காற்று முழுவதையும் ஐ.ஏ.சி.யே கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஃபேன் ஓடினாலோ கியர் விழுந்தாலோ மேலும் திறக்க அதனிடம் இடம் குறைவு. 0 காட்டினால் நிலைமை நேர்மாறு. ஐ.ஏ.சி. முழுக்க மூடியும் காற்று அதிகம், இறக்க வழியில்லாமல் ஐடில் மேலேயே நிற்கிறது.

ஐடில் ஸ்க்ரூவைக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். உள்ளே திருகினால் தகடு திறக்கும், ஆர்.பி.எம். ஒரு கணம் ஏறி, இ.சி.யூ. ஐ.ஏ.சி.யை மூட, பழைய அளவுக்கே வந்து நிற்கும். சத்தத்தில் வித்தியாசம் தெரியாது, ஐ.ஏ.சி. எண் மட்டும் 30-லிருந்து 22, 22-லிருந்து 14 என்று இறங்கும். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் பத்து விநாடி பொறுத்து அடுத்ததைத் திருப்புங்கள். 5-ஐ ஒட்டி வந்ததும் நிறுத்துங்கள்.

பலர் விட்டுவிடும் இடம் இனிமேல்தான். ஸ்க்ரூவைத் திருப்பியதால் டி.பி.எஸ். 0-லிருந்து 1 அல்லது 2 சதவீதத்துக்கு ஏறியிருக்கலாம். ஆக்சிலரேட்டரில் கால் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு இ.சி.யூ. ஐடில் கட்டுப்பாட்டையே விட்டுவிடும். இன்ஜினை அணைத்து, பத்து விநாடி விட்டு, பெடலைத் தொடாமல் சாவியை மறுபடி ஆன் செய்தால் அது புதிய நிலையை 0 என்று எடுத்துக்கொள்ளும். 0 வருகிறதா என்று திரையில் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். வராவிட்டால் தகடு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து உட்காரவில்லை என்று பொருள். ஆக்சிலரேட்டர் கேபிள் இறுக்கமாக இருக்கலாம், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் கிக்டவுன் கேபிள் இழுத்துப் பிடிக்கலாம், ரிட்டர்ன் ஸ்பிரிங் பலமில்லாமல் இருக்கலாம். ஏர் ஃபில்டரை மாட்டிய நிலையிலும் ஒரு தடவை பாருங்கள். பழைய ஃபில்டரின் தாழ்ந்த அடித்தட்டு லிங்கேஜில் இடித்துத் தகட்டை மயிரிழை திறந்து வைத்திருப்பது சகஜம்.

காற்றுக் கசிவு

ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தியும் ஐ.ஏ.சி. 0-வில், ஐடில் 1,100-ல் நின்றால் எங்கோ காற்று புகுகிறது. இந்த வகை இன்ஜெக்ஷன் காற்றின் அளவை மேப் சென்சார் வழியாகத்தான் கணக்கிடுகிறது. மேனிஃபோல்டுக்குள் காற்று கசிந்தால் மேப் ஏறும், அதற்குத் தக்க பெட்ரோலும் ஏறும். அதனால் கார்பரேட்டரில் வருவது போல் லீனாகி (பெட்ரோல் குறைந்து) திணறாமல், ஐடில் வெறுமனே உயரும். ஒரே ஒரு சிலிண்டரின் வாய்க்கருகில் கேஸ்கெட் கசிந்தால் கதை வேறு: அந்தச் சிலிண்டர் மட்டும் லீனாகி மிஸ் ஆகும், அதாவது சரியாக எரியாது.

முதலில் ஹோஸ்கள். பிரேக் பூஸ்டர் ஹோஸை மூக்குப் பிளையரால் துணி சுற்றி நெரியுங்கள். ஐ.ஏ.சி. எண் சட்டென்று ஏறினால் கசிவு அந்தப் பக்கம்தான். இப்படியே கிரேங்க் கேஸ் புகையை இன்டேக்குக்கு இழுக்கும் பி.சி.வி. ஹோஸ், கியர்பாக்ஸ் மாடுலேட்டருக்குப் போகும் சிறு டியூப், டிஸ்ட்ரிபியூட்டர் வாக்குவம் டியூப் என்று ஒவ்வொன்றாக. பி.சி.வி. வால்வு கொஞ்சம் காற்றை இழுப்பது இயல்பு; எண் கொஞ்சம் மாறும், பயப்பட வேண்டாம். பிறகு த்ராட்டில் பாடியின் அடி கேஸ்கெட். கார்பரேட்டருக்கான பழைய தடித்த கேஸ்கெட்டையோ திறந்த ஸ்பேசரையோ அப்படியே விட்டிருந்தால் இங்கே சந்தேகப்படுங்கள்.

மேனிஃபோல்ட் ஓரங்களைச் சோதிக்கப் புகை இயந்திரம்தான் நல்லது. கார்ப் கிளீனர் ஸ்பிரேயும் வேலை செய்யும், ஆனால் சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அடித்தால் தீப்பிடிக்கும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். ஸ்பிரே அடிக்கும்போது ஆர்.பி.எம். மாறுகிறதா என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் இ.சி.யூ. அதைச் சமன் செய்துவிடும். ஏ.எஃப்.ஆர். ரிச் (பெட்ரோல் மிகுந்த) பக்கம் துள்ளுகிறதா, ஐ.ஏ.சி. அசைகிறதா என்று பாருங்கள். இன்னொரு விஷயம்: ஆக்ஸிஜன் சென்சார் ஒரு பக்கச் சைலன்சர் குழாயில்தான் இருக்கிறது. எதிர்ப்பக்கத்து நான்கு சிலிண்டர்களில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. அந்தப் பக்கத்துக்கு பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

தொழிற்சாலையில் போட்ட ஸ்டாக் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) உள்ள இன்ஜினில் ஐடில் வாக்குவம் பொதுவாக 17 முதல் 21 அங்குலம் பாதரசம் வரை வரும். பெரிய கேம் போட்டிருந்தால் 10-க்குக் கீழே போவதும் உண்டு. அதைக் கசிவு என்று நினைத்து மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டாம்.

ஆக்ஸிஜன் சென்சார் பொய் சொல்லும் இடங்கள்

அதிக நேரத்தைத் தின்னும் கோளாறு இதுதான், ஏனென்றால் இதில் இ.சி.யூ.வே இன்ஜினைக் கெடுக்கிறது. சென்சார் அளப்பது எக்ஸாஸ்டில் மிஞ்சும் ஆக்ஸிஜனை. ஒரு சிலிண்டர் மிஸ் ஆனால் எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்ஸிஜனும் வெளியே வருகிறது. சென்சார் லீன் என்கிறது, இ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டுகிறது, பிளக் கரிபிடிக்கிறது, மிஸ்ஸிங் அதிகமாகிறது, சென்சார் இன்னும் லீன் என்கிறது. சென்சாருக்கு முன்னால் ஹெடர் (எக்ஸாஸ்ட் குழாய்) கேஸ்கெட் கசிந்தாலும் இதே கதை. ஐடிலில் எக்ஸாஸ்ட் அழுத்தம் குறைவு. ஒவ்வொரு துடிப்புக்கும் இடையே வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படுகிறது. வேகம் ஏறினால் அது குறைந்துவிடும். ஓட்டத்தில் நன்றாகப் போய் ஐடிலில் மட்டும் கெடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கண்டுபிடிப்பது எளிது. சைலன்சர் வாயில் கண் எரியும் அளவுக்குப் பெட்ரோல் நாற்றம், திரையிலோ லீன் எண், திருத்தம் கூட்டலில் 20, 30 சதவீதம். இந்த மூன்றும் ஒத்துப்போகாது என்று தெரிந்ததும், சென்சாரைப் பார்த்து இ.சி.யூ. பெட்ரோலைத் தானே திருத்தும் க்ளோஸ்டு லூப்பை ஆஃப் செய்யுங்கள். பிறகு ஐடில் பகுதியில் பெட்ரோலை 5 சதவீதம் 5 சதவீதமாகக் கையால் குறையுங்கள். இன்ஜின் சுத்தமாக ஓடத் தொடங்கினால் சென்சார் சொன்னது பொய். முதலில் கசிவையோ மிஸ்ஸிங்கையோ சரிசெய்யுங்கள், அதன்பின் ஐடில் பகுதியில் இ.சி.யூ. தானாகக் கற்றுச் சேர்த்திருக்கும் திருத்தங்களை அழித்துவிடுங்கள். அழிக்காவிட்டால் கோளாறு போன பிறகும் அதன் கணக்கு அட்டவணையிலேயே இருக்கும்.

பெரிய கேமில் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகம். உள்ளே வந்த காற்றில் கொஞ்சம் எரியாமலே எக்ஸாஸ்டுக்குப் போய்விடும், அதனால் ஐடிலில் எண் எப்போதுமே லீனாகத் தெரியும். அப்படிப்பட்ட இன்ஜினுக்கு ஐடிலில் 14.7 ஏ.எஃப்.ஆர். கேட்காதீர்கள். 13.5-ஐ ஒட்டித் தொடங்கி, மேப் எண் எங்கே மிகக் குறைவாகவும் அசையாமலும் நிற்கிறதோ அந்த இடத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

டைமிங், எர்த், ஆர்.பி.எம். சிக்னல்

இ.சி.யூ. டைமிங்கைக் கட்டுப்படுத்தினால், திரை சொல்வதும் டைமிங் லைட் காட்டுவதும் ஒன்றா என்று பாருங்கள். டைமிங்கை 15 டிகிரியில் பூட்டி லைட்டை அடியுங்கள். இன்ஜின் முன்னால் சுழலும் டேம்பரின் குறியில் 21 காட்டினால் அந்த 6 டிகிரியைச் சரிசெய்யும்வரை மற்ற எதையும் தொடாதீர்கள். பழைய டிஸ்ட்ரிபியூட்டரையே வைத்திருந்தால் வேறு சிக்கல் உண்டு. டைமிங்கை முன்னே நகர்த்தும் அட்வான்ஸ் எடைகளின் ஸ்பிரிங் மெலிந்திருந்தால் 700 ஆர்.பி.எம்.மிலேயே அட்வான்ஸ் ஏறத் தொடங்கும். வேகம் குறைந்தால் டைமிங்கும் குறைகிறது, அதனால் வேகம் இன்னும் குறைகிறது, பிறகு ஐ.ஏ.சி. தூக்கிவிட, இரண்டும் சேர்ந்து ஏறுகின்றன. எந்த அட்டவணையாலும் இந்த ஊசலாட்டத்தை நிறுத்த முடியாது. பலமான ஸ்பிரிங்தான் தீர்வு. வாக்குவம் அட்வான்ஸ் மீது சந்தேகம் என்றால் டியூபைக் கழற்றி அடைத்துப் பாருங்கள்.

மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, இன்ஜின் ஓடும்போது ஒரு முள்ளைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை இன்ஜின் பிளாக்கிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையைச் சுரண்டிப் புதிதாக மாட்டுங்கள். இ.சி.யூ.வின் முக்கிய பவர், எர்த் இரண்டும் நேராகப் பேட்டரிக்கே போகவேண்டும். ஐடிலில் பேட்டரி வோல்ட் 13.5-க்கும் கீழே ஆடினால் இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் நேரமும் ஆடும். ஐடிலில் இன்ஜெக்டர் திறந்திருப்பதே மிகக் கொஞ்ச நேரம். அதில் சிறு மாற்றமும் பெரிதாகத் தெரியும்.

டேட்டா லாக்கில் ஆர்.பி.எம். கோடு 800-லிருந்து ஒரு நொடியில் 4,000-க்குத் துள்ளி இறங்கினால் அது மின்சார இரைச்சல். ரெசிஸ்டர் பிளக், ரெசிஸ்டன்ஸ் உள்ள பிளக் வயர் போடுங்கள். இ.சி.யூ. வயரிங்கைக் காயிலிலிருந்தும் பிளக் வயர்களிலிருந்தும் தள்ளிக் கட்டுங்கள். எம்.எஸ்.டி. 6ஏ.எல். போன்ற இக்னிஷன் பெட்டி இருந்தால் ஆர்.பி.எம். வயரை அதன் டேக்கோ முனையில் மட்டுமே கொடுக்கவேண்டும். காயில் நெகட்டிவில் கொடுத்தால் அங்குள்ள உயர் வோல்ட்டேஜ் இ.சி.யூ.வையே எரித்துவிடும்.

பெட்ரோல் அழுத்தத்தை மீட்டர் மாட்டிப் பார்த்துவிடுங்கள்: ஸ்னைப்பருக்கு 58 பி.எஸ்.ஐ. அளவில் அசையாமல் நிற்க வேண்டும்.

இன்னும் ஊசலாடினால்

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனாலும் ஊசலாட்டம் போகவில்லை என்றால் மூன்று கட்டுப்பாடுகளும் ஒன்றையொன்று துரத்துகின்றன. ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். சூடான ஐடிலில் ஐ.ஏ.சி. கனெக்டரைப் பிடுங்குங்கள். அது ஸ்டெப்பர் மோட்டார் என்பதால் இருந்த இடத்திலேயே நிற்கும். ஊசலாட்டம் நின்றால் ஐ.ஏ.சி. அமைப்பில்தான் கோளாறு: கட்டுப்பாட்டின் வேகத்தைக் குறையுங்கள், வால்வையும் அதன் துளையையும் கரிபோகத் துடையுங்கள். முனையைக் கையால் அழுத்தித் தள்ளாதீர்கள், உள்ளே இருக்கும் மரை கெடும். நிற்காவிட்டால் க்ளோஸ்டு லூப்பை ஆஃப் செய்யுங்கள், அடுத்து ஐடில் ஸ்பார்க் கட்டுப்பாட்டை. எதை நிறுத்தியதும் அமைதியாகிறதோ அதன் பலத்தைப் பாதியாக்குங்கள். கனெக்டரைத் திரும்ப மாட்டும் முன் சாவியை ஆஃப் செய்ய மறக்காதீர்கள்.

நின்ற இடத்தில் நன்றாக ஓடி, சிக்னலுக்கு வந்து நிற்கும்போது மட்டும் அணைகிறதா? கால் எடுத்ததும் ஐ.ஏ.சி. வேகமாக மூடிவிடுகிறது. அப்போது அது எவ்வளவு திறந்து நிற்க வேண்டும் என்ற ஐ.ஏ.சி. ஹோல்டு அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள், அங்கிருந்து இறங்க எடுக்கும் ராம்ப் நேரத்தையும் அரை விநாடி நீட்டுங்கள். அளவு மீறினால் கால் எடுத்த பிறகும் 1,500-லேயே தொங்கும். அப்போது ஒரு படி பின்னால் வாருங்கள். ஏ.சி. போட்டதும் அணைந்தால் ஏ.சி. கம்ப்ரஸர் வயரிலிருந்து இ.சி.யூ.வுக்கு ஒரு சிக்னல் கொடுங்கள். சுமை விழுமுன்பே அது காற்றைக் கூட்டிவைக்கும். கியர் சுமையைச் சோதிக்கும்போது சக்கரத்துக்குக் கட்டை, ஹேண்ட்பிரேக், பிரேக் பெடலில் ஒருவர் கால், மூன்றும் வேண்டும். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

காலையில் ஆறிய இன்ஜினின் ஐடிலைக் கடைசியில் பாருங்கள். ஹோலி போன்றவை கூலன்ட் 71 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகே பெட்ரோல் அட்டவணையைக் கற்கத் தொடங்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்ட இன்ஜின் அந்த வெப்பத்தைத் தொடாமலே ஓடிக்கொண்டிருக்கும், எத்தனை நாள் ஓட்டினாலும் எதையும் கற்காது. 82 டிகிரி தெர்மோஸ்டாட்டைப் போடுங்கள். சூடான ஐடில் சரியான பின் ஒரு இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்து, வெப்பம் ஏற ஏற ஐ.ஏ.சி. எண்ணும் ஏ.எஃப்.ஆரும் எப்படி மாறுகின்றன என்று லாக் எடுங்கள். எந்த வெப்பத்தில் திணறுகிறதோ அந்தக் கட்டத்தை மட்டும் திருத்துங்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் இந்தச் சோதனையைச் செய்ய முடியும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன் பழைய ஃபைலைத் தேதி போட்டுத் தனியாகச் சேமித்துவிடுங்கள்.