ஓவனில் சுட்ட கத்தரிக்காயோடு பாஸ்தா அல்லா நோர்மா

காய்கறி போட்டு, சீஸ் தூவி, வீட்டிலேயே ஒரு நல்ல பாஸ்தா செய்ய வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் கையைக் காட்டுவது பாஸ்தா அல்லா நோர்மாவைத்தான். இத்தாலியின் சிசிலித் தீவில் கத்தானியா என்ற ஊரின் சமையல் இது. கத்தரிக்காய், தக்காளி, பேசில் இலை, மேலே துருவிப் போட ஓர் உப்புச் சீஸ், அவ்வளவுதான் சாமான். 1801இல் அந்த ஊரில் பிறந்த இசையமைப்பாளர் பெல்லினியின் ‘நோர்மா’ என்ற ஓப்பராவின், அதாவது இசை நாடகத்தின், பெயரைத்தான் இதற்கு வைத்தார்கள் என்று சொல்வார்கள்.

கத்தானியாவில் கத்தரிக்காயை எண்ணெயில் பொரித்துத்தான் போடுவார்கள், அது தனி ருசி. ஆனால் அந்தக் காய் எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும், நான்கு பேருக்குப் பொரித்து முடிப்பதற்குள் அடுப்படியெல்லாம் பிசுக்காகிவிடும், அதனால் நான் ஓவனில் சுடுகிறேன். நான்கு மேசைக்கரண்டி எண்ணெய் போதும்.

நான்கு பேருக்கு ரிகடோனி அல்லது பென்னே (இரண்டும் குழல் வடிவப் பாஸ்தா) 400 கிராம், பெரிய குண்டுக் கத்தரிக்காய் 700 கிராம், நன்றாகப் பழுத்த தக்காளி 800 கிராம், பூண்டு மூன்று பல், பேசில் ஒரு கைப்பிடி, சீஸ் 100 கிராம், ஆலிவ் எண்ணெய்.

முதலில் கத்தரிக்காய், ஏனென்றால் இந்தச் சாப்பாடே அதை நம்பித்தான் இருக்கிறது. தோலோடு இரண்டு விரல் அகலத் துண்டுகளாக நறுக்குங்கள், சிறிதாக நறுக்கினால் சுருங்கிக் காய்ந்துபோகும். இரண்டு தேக்கரண்டி உப்பைப் பிசிறி வடிதட்டில் அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீர் விட்டுக் காய் கொஞ்சம் தளர்ந்திருக்கும், ஒரு துணியால் ஒற்றி எடுத்துவிட்டு எண்ணெயில் பிரட்டுங்கள். ஓவனை 220 டிகிரிக்குச் சூடாக்கிக்கொண்டு, ட்ரேயில் துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டுப் பரப்புங்கள். இந்த இடைவெளி விஷயத்தில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். நான் முதல் தடவை எல்லாவற்றையும் ஒரே ட்ரேயில் குவித்து வைத்தேன், காய் விட்ட நீராவியிலேயே காய் வெந்து, சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று வந்தது. சின்ன ஓவன் என்றால் இரண்டு தடவையாகச் சுடுங்கள். பதினைந்து நிமிடத்தில் திருப்பிவிட்டு, இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம். ஓரமெல்லாம் நல்ல தேன் நிறத்துக்கு வந்திருக்க வேண்டும், ஒரு துண்டை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தினால் வெண்ணெய் மாதிரி அமுங்க வேண்டும். உள்ளே ரப்பர் போல் எதிர்த்தால் திரும்ப உள்ளே தள்ளுங்கள். அரைகுறையாக வெந்த கத்தரிக்காயை எந்த சாஸும் காப்பாற்றாது.

காய் வேகிற நேரத்தில் சாஸ். தக்காளியைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்துத் தோலுரித்துப் பிசைந்துகொள்ளுங்கள். அகலமான வாணலியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, தட்டிய பூண்டை மெல்லிய தீயில் வாசம் வரும்வரை மட்டும் விடுங்கள், சிவந்தால் கசக்கும். தக்காளியும் உப்பும் போட்டு இருபது நிமிடம், கரண்டியால் இழுத்தால் தடம் நிற்கிற பதம் வரும்வரை. நாட்டுத் தக்காளி புளிப்பாக இருந்தால் ஒரு சிட்டிகை சர்க்கரை.

பேசில் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் திருநீற்றுப் பச்சிலை என்கிறோமே, சப்ஜா விதை தருகிற செடி, அதே இனம்தான் இதுவும். நம் ஊர் ரகத்தின் வாசம் தூக்கலாக இருக்கும், பாதி அளவு போட்டால் போதும். பூஜைத் துளசி மட்டும் வேண்டாம், அதன் கிராம்பு வாடை தக்காளியை அமுக்கிவிடும்.

பெரிய பாத்திரத்தில் நான்கு லிட்டர் தண்ணீர் கொதித்ததும் லிட்டருக்குப் பத்து கிராம் கணக்கில் உப்புப் போட்டு பாஸ்தாவைப் போடுங்கள். தண்ணீரில் எண்ணெய் விட வேண்டாம். பாக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால் ஒன்றைக் கடித்துப் பாருங்கள், நடுவில் நூல் போல் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் சரியான பதம். பாஸ்தா வெந்த தண்ணீரில் ஒரு கப் எடுத்து வைத்துக்கொண்டுதான் வடிக்க வேண்டும். குழாயடியில் கழுவிவிடாதீர்கள், சாஸைப் பிடித்துவைக்கிற மாவுச்சத்து எல்லாம் போய்விடும். வடித்த சூட்டோடு சாஸ் வாணலியில் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தீயைக் கூட்டி ஒன்றிரண்டு நிமிடம் பிரட்டினால் சாஸ் பளபளவென்று ஒவ்வொன்றிலும் ஒட்டிக்கொள்ளும். கத்தரிக்காயில் முக்கால்வாசியை இப்போது சேருங்கள், மீதி மேலே வைக்க.

அப்புறம் சீஸ். இதற்கானது ரிகோட்டா சலாட்டா. செம்மறியாட்டுப் பாலில் சீஸ் எடுத்தபின் மிஞ்சுகிற தண்ணீரை மறுபடி காய்ச்சித் திரட்டி, உப்பிட்டு, அழுத்தி வைத்துப் பழுக்கவிட்டது. இது உருகாது, உதிரியாகப் பூத்தூவலாக நிற்கும், சூடான தக்காளிக்கு மேல் அந்தக் குளிர்ந்த உப்பு நாக்கில் படுவதுதான் இதன் சுகம். கிடைக்கவில்லை என்றால் ஃபெட்டா என்கிற உப்புச் சீஸ். அதுவும் இல்லையென்றால், 150 கிராம் கெட்டிப் பன்னீரில் ஒரு தேக்கரண்டி உப்பைத் தடவி, துணியில் சுற்றி, கனம் ஏற்றி ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்துத் துருவுங்கள், ஆட்டுப்பால் வாசம் வராது, ஆனால் அந்த உதிர்வு வரும். மொசரெல்லாவைப் போட்டால் இழை இழையாக உருகிக் கத்தரிக்காயை மூடிவிடும், நான் போடமாட்டேன்.

அடுப்பை அணைத்துவிட்டு பேசிலைக் கையால் கிள்ளிப் போடுங்கள். தட்டில் எடுத்து, மீதிக் கத்தரிக்காயை மேலே வைத்து, சீஸைத் தாராளமாகத் துருவி உடனே பரிமாறுங்கள். கத்தரிக்காய் ஒன்று கூடுதலாகவே சுட்டு வைப்பது என் வழக்கம், கொஞ்சம் சாஸோடு மறுநாள் காலை டோஸ்ட் செய்த ரொட்டியில் வைத்துச் சாப்பிட.