ஒளி பட்டுச் சுருங்கும் ரப்பரா? முதலில் வெறும் கிளாம்பில் விளக்கைப் போட்டுப் பாருங்கள்

போன வாரம் லேபில் புதிதாகச் சேர்ந்த பெண் லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, ஆக்சுவேஷன் வந்துருச்சு!" ஒளி பட்டு ரப்பர் படலம் அசைகிறது என்று சொல்கிறாள். திரையில் அழகான கிராஃப். விளக்கைப் போட்டதும் விசை ஏறுகிறது, அணைத்ததும் இறங்குகிறது, ஐந்து சுற்றும் அச்சில் வார்த்த மாதிரி. ஏற்றம் 11 மில்லிநியூட்டன். "சரி, சாம்பிளைக் கழற்றிட்டு விளக்கைப் போட்டுப் பார்த்தியா?" என்றேன். முகம் வாடிவிட்டது. ரெண்டு பேரும் போய்க் கழற்றிவிட்டுப் போட்டோம். மேலே ஒரு கிளாம்ப், கீழே ஒரு கிளாம்ப், நடுவில் வெறும் காற்று. 8 மில்லிநியூட்டன் வந்தது.

எனக்கு இது புதிதில்லை. இதே குழியில் ஏழு மாதம் கிடந்தவள் நான். சிலிகோன் ரப்பரில் கார்பன் நானோகுழாயை (கண்ணுக்கே தெரியாத மெல்லிய கார்பன் குழல்) கலந்து, ஒளி பட்டால் அசைகிறதா என்று பார்க்க வருகிற எல்லாரும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் விழுகிறார்கள். ரப்பரின் பேஸும் அதை உறைய வைக்கும் க்யூரிங் ஏஜென்ட்டும் பத்துக்கு ஒன்று, ஊற்றுவதற்கு முன் வேக்குவத்தில் வைத்துக் குமிழி எடுக்க வேண்டும், லேடெக்ஸ் கையுறையில் இருக்கும் கந்தகம் ரப்பர் உறைவதற்கு உதவும் பிளாட்டினம் கேட்டலிஸ்ட்டைக் கெடுக்கும் என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கறுப்பாக இருந்தால் கலந்துவிட்டதாக அர்த்தமில்லை

ஒரு சதவீதம் நானோகுழாய் போட்டாலே கலவை தார் மாதிரி ஆகிவிடும். கண்ணுக்கு எல்லா இடமும் ஒரே கறுப்பு. ஒரு துளியை எடுத்து இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நசுக்கி, சாதாரண மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் வெளிறிய திரவத்தில் மிளகு தூவிய மாதிரி கட்டிகள் தெரியும். கேம்பிரிட்ஜ் குழு 2006-ல் இதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதியது: குறிப்பிட்ட நேரத்துக்குக் குறைவாகக் கலக்கினால் கலவையின் பாகுத்தன்மை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும், அந்த நேரத்தைத் தாண்டினால்தான் அடங்கி நிற்கும். அது நிமிடக் கணக்கில் முடிகிற வேலை இல்லை, மணிக்கணக்கு. பொறுமையில்லாமல் சோனிகேட்டர் (மீயொலியால் கலக்கும் கருவி) முனையை உள்ளே விட்டு ஒரு மணி நேரம் அடித்தால் கட்டி உடையும், கூடவே குழாயும் துண்டு துண்டாகும். நீளமான குழாய் வேண்டும் என்று காசு கொடுத்து வாங்கி நாமே நறுக்குவானேன்?

அமீன் ஒட்டிய குழாய்

கேட்டலிஸ்ட்டாக இருக்கும் பிளாட்டினத்துக்கு, சில குழாய்களின் மேல் ஒட்டியிருக்கும் அமீன் என்ற நைட்ரஜன் சேர்மமும் ஆகாது. ரப்பர் பிசுபிசுவென்றே இருக்கும்.

கரைப்பான் மிச்சம்

டொலுயினிலோ குளோரோஃபார்மிலோ குழாயைப் பரப்பி, அதைப் பேஸில் கலந்து, ஆவியாக விடுகிறவர்கள் கவனிக்க. வாசனை போய்விட்டால் கரைப்பான் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாத்திரத்தோடு எடை போடுங்கள், நான்கு மணி நேரம் கழித்து மறுபடி போடுங்கள், எண் நகராமல் நிற்கும்வரை க்யூரிங் ஏஜென்ட்டைத் தொடாதீர்கள். உள்ளே கொஞ்சம் மிச்சமிருந்தால், விளக்குச் சூட்டில் அது வெளியேறும்போது படலம் உண்மையிலேயே சுருங்கும். விளக்கை அணைத்தபின் பழைய இடத்துக்கு வராது, ஒவ்வொரு சுற்றிலும் அடிக்கோடு கொஞ்சம் ஏறி நிற்கும். இதைப் பார்த்து "நினைவாற்றல் உள்ள பொருள்" என்று ஸ்லைடு போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். (நான்தான்.)

ஏழு மாதம் தின்ற தவறு

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விளக்கைப் போட்டேன், விசை மாறியது, ஆகவே இது ஒளியின் வேலை என்று எழுதுவது. இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. என்மேல்தான்.

முதலில் கருவியின் கதை. என் படலம் 0.3 மில்லிமீட்டர் தடிமன், 4 மில்லிமீட்டர் அகலம், அதாவது 1.2 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டு. நான் தேடியது 10 கிலோபாஸ்கல் அளவு அழுத்த மாற்றம். பெருக்கிப் பார்த்தால் 12 மில்லிநியூட்டன், ஒன்றேகால் கிராம் எடை கூட இல்லை. நான் வைத்திருந்ததோ 50 நியூட்டன் வரை அளக்கும் லோட் செல் (விசை அளக்கும் கருவி). அதோடு வந்த தாளில், வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் விசையே இல்லாதபோது காட்டும் சுழி, முழு அளவில் 0.02 சதவீதம் நகரும் என்று பொடி எழுத்தில் இருந்தது. 50 நியூட்டனில் 0.02 சதவீதம் என்றால் 10 மில்லிநியூட்டன். லோட் செல் ஒரே ஒரு டிகிரி சூடானால் போதும், என் "கண்டுபிடிப்பு" மொத்தமும் சாம்பிள் இல்லாமலே கிடைத்துவிடும். விளக்கோ நேராக மேல் கிளாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தது, கிளாம்புக்கு மேலே செல். நான் இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. கட்டுரையைப் பார்த்த விமர்சகர் ஒருவர், படலம் இல்லாமல் விளக்கு போட்டால் என்ன வருகிறது என்று ஒற்றை வரியில் கேட்டிருந்தார். அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

தீர்வு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சமையலறை அலுமினியம் ஃபாயிலை எடுத்து கிளாம்பையும் செல்லையும் மூடுங்கள், சாம்பிளுக்கு முன்னால் படலம் தெரியும் அளவுக்கு மட்டும் துளை வெட்டிய அட்டையை வையுங்கள், கையில் இருப்பதில் சின்ன செல்லைப் போடுங்கள். பிறகு கிளாம்பு காலியாக இருக்கும்போது ஒரு சுற்று ஓட்டி, அந்தக் கிராஃபையும் சேமித்து வையுங்கள்.

சரி, கருவியைச் சரிசெய்தாயிற்று, இன்னும் சிக்னல் வருகிறது. இனிமேல்தான் கஷ்டமான பகுதி: இந்த முறை உண்மையிலேயே ரப்பர்தான் இழுக்கிறது, ஆனால் சூட்டினால்.

இழுத்து வைத்த ரப்பரைச் சூடாக்கினால் அது சுருங்கப் பார்க்கும். 1805-லேயே ஜான் காஃப் இதை எழுதிவிட்டார். சின்ன வயதில் அம்மை போட்டுப் பார்வை போன மனிதர். ரப்பர் பட்டையை உதட்டில் வைத்து இழுத்து, சூடாவதை உதட்டாலேயே உணர்ந்தார். ஜூல் 1859-ல் அதை அளந்து காட்டினார். ரப்பரின் விறைப்பு சங்கிலிகளின் அலைச்சலிலிருந்து வருவதால் தனி வெப்பநிலையோடு சேர்ந்து ஏறும், அவ்வளவுதான்.

இதை நம் படலத்துக்குப் போட்டுப் பாருங்கள். ஷியர் மாடுலஸ் (விறைப்பின் ஓர் அளவு) அரை மெகாபாஸ்கல், 30 சதவீதம் இழுத்துப் பிடித்திருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் இழுவை அழுத்தம் சுமார் 350 கிலோபாஸ்கல். 300 கெல்வினிலிருந்து 310-க்குப் போனால் அதில் முப்பதில் ஒரு பங்கு கூடும், சுமார் 12. அதே நேரம் ரப்பர் விரிவதால் (இந்த வகை சிலிகோன் டிகிரிக்குப் பத்தாயிரத்தில் மூன்று பங்கு நீளும்) 3 கிலோபாஸ்கல் குறையும். மிச்சம் 9. பத்து டிகிரிச் சூட்டுக்கு, நானோகுழாய் எதுவுமே செய்யாமல், நீங்கள் கட்டுரையில் போட நினைத்த எண் வந்துவிட்டது. கறுப்புப் படலம் விளக்கடியில் பத்து டிகிரி ஏறுவது சர்வசாதாரணம்.

இன்னொரு வேடிக்கை. 2005-ல் நேச்சர் மெட்டீரியல்ஸ் இதழில் அஹிரும் டெரன்ட்ஜெவும் எழுதியதைப் படித்துத்தான் பாதிப்பேர் இந்தத் துறைக்கு வருகிறோம். குறைவாக இழுத்து வைத்தால் படலம் ஒளியில் விரிகிறது, அதிகம் இழுத்தால் சுருங்குகிறது, சுமார் 10 சதவீத இழுவையில் திசை மாறுகிறது என்று காட்டினார்கள். மேலே போட்ட கணக்கில் இரண்டு விளைவும் சமமாகும் இடத்தைத் தேடுங்கள்: அதுவும் 10 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் வருகிறது! அவர்கள் வெப்பத்தை மறந்துவிடவில்லை. வெப்பம் மட்டுமே காரணம் இல்லை என்று வாதாடி, ஒளி பட்ட குழாய்கள் தாமே சுருங்குவதையும் அவை இழுத்த திசையில் அணிவகுப்பதையும் வைத்து விளக்கம் சொன்னார்கள். அது சரியா இல்லையா என்பது தனி விவாதம். நான் சொல்வது இதுதான்: திசை மாறுவதைப் பார்த்தவுடன் "ஆஹா, குழாய்களின் அணிவகுப்பு" என்று முடிவு கட்டாதீர்கள், வெறும் ரப்பரும் அதே இடத்தில் திசை மாறும்.

எப்படிப் பிரிப்பது? குழாய் போடாத ரப்பரை ஒப்பீட்டுக்கு வைத்தால் போதும் என்று நானும் நினைத்தேன். அது கண்ணாடி மாதிரி தெளிவானது, ஒளியை விழுங்காது, சூடாகாது, அசையாது. அசையாததால் ஒன்றும் நிரூபணமாகாது. வைக்க வேண்டியது கார்பன் பிளாக் (சாதாரணக் கரித்தூள்) போட்ட படலம், அதே அளவு ஒளியை விழுங்கும்படி. அதிலும் அதே விசை வந்தால் உங்கள் குழாய் வெறும் கறுப்புச் சாயமாகத்தான் வேலை செய்கிறது. அடுத்து, அதே நானோகுழாய்ப் படலத்தை இருட்டில் சூடாக்கி விசைக்கும் வெப்பநிலைக்கும் கோடு போட்டு, ஒளியில் வந்த கோட்டை அதன்மேல் வையுங்கள்.

வெப்பநிலையை எங்கே அளக்கிறீர்கள் என்பதும் முக்கியம். படலத்தின் மேல் ஒட்டிய தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) தானே ஒளியை வாங்கிச் சூடாகித் தன் சூட்டைத்தான் சொல்லும். மெல்லிய கம்பியாக எடுத்து, வார்க்கும்போதே ஒரு படலத்துக்குள் புதைத்துவிடுங்கள். அந்தப் படலத்தை இழுக்க வேண்டாம், பக்கத்தில் அதே ஒளியில் தொங்கட்டும்.

கடிகாரத்தையும் பாருங்கள். 0.3 மில்லிமீட்டர் படலத்தில் சூடு குறுக்கே பரவ ஒரு விநாடி ஆகும். ஆனால் மொத்தப் படலமும் அசையாத காற்றில் ஆறுவதற்கு 20 விநாடி அளவில் ஒரு காலம் இருக்கிறது. விளக்கை அணைத்தபின் உங்கள் விசையும் இருபது விநாடியில் சாவகாசமாக இறங்கினால், இறங்குவது எது என்று சொல்லத் தேவையில்லை.

அதிகம் போட்டால் அதிகம் அசையாது

மூன்று சதவீதம் போட்ட படலத்தில் ஒளி மேல்தோலோடு நின்றுவிடும். ஒளி பட்ட பக்கம் விரிய, பின்பக்கம் சும்மா இருக்க, கட்டாமல் தொங்கும் படலம் விளக்குக்கு எதிர்ப்புறமாக வளையும். வளைவது வேண்டுமென்றால் நல்லது. இழுவிசை அளப்பதற்கு இது தலைவலி.

இழுத்தவுடன் அளப்பது

இழுத்துப் பிடித்த ரப்பர் தானாகவே தளர்ந்துகொண்டிருக்கும், குழாய் கலந்தது இன்னும் கூடுதலாக. நான்கைந்து முறை இழுத்து விட்டு, பிறகு பிடித்து வைத்து, கோடு தட்டையாகும்வரை வேறு வேலை பாருங்கள். இன்னொன்று, அறைச் சூட்டில் உறைய வைத்த படலம் விளக்கடியில் மேலும் உறையும். சில்கார்ட் 184 என்ற சிலிகோன் ரப்பரை 25 டிகிரியில் உறைய வைத்தால் யங் மாடுலஸ் (ஷியர் மாடுலஸைப் போல் சுமார் மூன்று மடங்கு இருக்கும்) 1.3 மெகாபாஸ்கல் அளவு, 200 டிகிரியில் உறைய வைத்தால் 3-ஐ நெருங்கும். அளவெடுக்கும்போது சாம்பிள் எட்டுகிற சூட்டைவிட நல்ல உயரத்தில் ஓவனில் வைத்து முடித்துவிடுங்கள்.

விளக்கின் ஃபேன்

எல்இடிக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் படலத்தின்மேல் ஊதுகிறதா என்று ஒரு டிஷ்யூ பேப்பரைத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

808 நானோமீட்டர் லேசர்

ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியாது. லேசர் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அந்த அறைக்குள் போகாதீர்கள்.

பொடி

காய்ந்த நானோகுழாயை ஹூடுக்கு (காற்றை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி) வெளியே திறக்கிறவர்களோடு நான் சண்டை போடுவேன். நீளமான பல சுவர்க் குழாய்கள் எலிகளின் வயிற்றுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் மாதிரி அழற்சி உண்டாக்குவது 2008-லேயே வெளிவந்துவிட்டது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2013-ல் பரிந்துரைத்த வரம்பு ஒரு கனமீட்டர் காற்றுக்கு 1 மைக்ரோகிராம். ஸ்பேச்சுலாவைத் தட்டும்போது எழும்பும் புகையில் எத்தனை மைக்ரோகிராம் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ரப்பருக்குள் போனபின் பயம் குறைவு, ஆனாலும் தூசி கிளப்பாதீர்கள். காய்ந்த படலத்தைப் பிளேடால் வெட்டுங்கள், ரம்பத்தால் அறுக்காதீர்கள்.

அந்தப் பெண் ஃபாயில் சுற்றி மறுபடி ஓட்டினாள். வெறும் கிளாம்பில் இப்போது இரைச்சலுக்கு மேல் எதுவும் இல்லை. சாம்பிளோடு 3 மில்லிநியூட்டன் நிற்கிறது. அதில் எத்தனை சூடு என்று பார்க்க, கார்பன் பிளாக் படலம் நேற்று சாயங்காலம் ஓவனுக்குப் போயிருக்கிறது.