குழந்தைகளோடு க்ரூகர் காட்டுக்குப் போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குள் உங்கள் காரை நீங்களே ஓட்டிக்கொண்டு போகலாம். சிறு பிள்ளைகளையும் வயதானவர்களையும் அழைத்துப் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை. குழந்தை தூங்கினால் மர நிழலில் நிறுத்திக்கொள்ளலாம். பசித்து அழுதால் பூங்காவுக்குள்ளேயே நாம் தங்கும் முகாமுக்குத் திரும்பிவிடலாம். ஓர் ஆமை சாலையைக் கடந்து முடிக்கும் வரை நின்று பார்க்கலாம். ஜோகன்னஸ்பர்க்கில் குடியிருக்கும் எங்கள் வீட்டுக்கு மதுரையிலிருந்து யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப் போகிறோம். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர். வடக்கிலிருந்து தெற்கே சுமார் 360 கிலோமீட்டர் நீளம். வரைபடத்தை விரித்ததும் பலருக்கு இரவுக்கு ஒரு முகாம் என்று திட்டம் போடத் தோன்றுகிறது. வேண்டாம். தார்ச்சாலையில் 50, மண்சாலையில் 40 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். விலங்குகளுக்காக நின்று நின்று போனால் மணிக்கு 25 கிலோமீட்டர் போவதே அதிகம். ஸ்குகுசா முகாமிலிருந்து சதாரா முகாமுக்கு 90 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் அதற்கே அரை நாள் போய்விடும். தினமும் பெட்டி கட்டி அவிழ்த்தால் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள், காட்டையும் பார்த்திருக்க மாட்டீர்கள். முதல் முறை வருகிறவர்களுக்கு லோயர் சாபி முகாமில் மூன்று இரவு, சதாராவில் இரண்டு இரவு என்பதே என் யோசனை. கூடுதலாக நாள் இருந்தால் லெட்டாபா முகாம் வரை போகலாம். அங்குள்ள யானை அருங்காட்சியகத்தில், க்ரூகரில் வாழ்ந்து மறைந்த பெரும் தந்த யானைகளின் தந்தங்களை வைத்திருக்கிறார்கள். ஷாவு என்ற யானையின் தந்தம் மூன்று மீட்டருக்கும் அதிக நீளம். பிள்ளைகளை அதன் பக்கத்தில் நிற்க வைத்துப் பாருங்கள்.

முகாம் அறைகளைப் பூங்காவை நடத்தும் சான்பார்க்ஸ் நிறுவனத்தின் இணையதளத்திலேயே பதிவு செய்யலாம். 11 மாதங்களுக்கு முன்பே பதிவு தொடங்கிவிடும். ஆற்றைப் பார்த்த அறைகள் முதலில் தீர்ந்துபோகும். அறை வாடகையைத் தவிர, ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் வனப் பாதுகாப்புக் கட்டணம் உண்டு. வெளிநாட்டவர்களுக்கு அது கணிசமான தொகை என்பதால் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மே முதல் செப்டம்பர் வரை மழையில்லாத குளிர்காலம். புல் காய்ந்து தாழ்ந்துவிடும், குட்டைகள் வற்றிவிடும், விலங்குகள் மிச்சமிருக்கும் நீரைத் தேடி வந்தாக வேண்டும். நம் ஊர்ப் பள்ளிகளின் கோடை விடுமுறையில் மே மாதம் இதற்குப் பொருந்திவரும். ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நினைத்து மெல்லிய பருத்தித் துணிகளோடு வருகிறார்கள். விடியற்காலையில் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். ஸ்வெட்டர், குல்லாய், காருக்குள் போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி அவசியம். டிசம்பரில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும், புதர்கள் அடர்ந்து மறைக்கும். ஆனாலும் புதிதாய்ப் பிறந்த இம்பாலா மான்குட்டிகளையும், வலசை வந்த பறவைகளையும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அதுவே காலம்.

க்ரூகர் மலேரியா உள்ள பகுதி. மழைக்காலத்தில் அபாயம் கூடும், குளிர்காலத்தில் குறையும். புறப்படுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே டாக்டரைப் பார்த்து, ஒவ்வொரு குழந்தையின் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற தடுப்பு மாத்திரையைக் கேளுங்கள். அந்தி சாய்ந்தபின் முழுக்கைச் சட்டையும் கொசு விரட்டும் களிம்பும் வேண்டும். கைக்குழந்தையோ கர்ப்பிணியோ உடன் இருந்தால் க்ரூகரை விட்டுவிட்டு, மலேரியா இல்லாத பிலனெஸ்பர்க்குக்குப் போங்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து இரண்டரை, மூன்று மணி நேரம்தான். அணைந்துபோன பழைய எரிமலை வட்டத்துக்குள் இருக்கும் காடு அது. யானை, சிங்கம், காண்டாமிருகம் எல்லாம் அங்கும் உண்டு.

நாட்டுக்குள் நுழையும்போது குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் பெற்றோர் இருவரின் பெயரோடும் கையில் இருக்கட்டும். தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் அழைத்து வந்தால் மற்றவரின் ஒப்புதல் கடிதமும் இருப்பது நல்லது. இங்கும் இடப்பக்கம்தான் வண்டி ஓட்ட வேண்டும். சாதாரண கார் போதும். ஆனால் இருக்கை உயரமான வண்டி கிடைத்தால் அதையே எடுங்கள். புல்லுக்கு மேலே தெரிவதற்கும் புல்லுக்குள் தொலைவதற்கும் அந்த ஓரடி உயரம்தான் வித்தியாசம்.

பூங்காவுக்குள் குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் காரைவிட்டு இறங்கக் கூடாது. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதன் பொருள் கழிப்பறைதான். நக்கூலு, ட்ஷோக்வானே, ஆஃப்சால் போன்ற உணவருந்தும் இடங்களில் கழிப்பறை உண்டு. ஒவ்வொரு நாள் பயணத்தையும் இவற்றை வைத்தே அளந்துகொள்ளுங்கள். மூன்று வயதுக் குழந்தை இருந்தால் ஒரு சிறிய பிளாஸ்டிக் பேசினைக் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள், யாரும் பதற வேண்டியிருக்காது.

இனி பார்க்கும் முறை. வேகமாகப் போய் அதிக தூரம் சுற்றினால் அதிகம் பார்க்கலாம் என்பது தவறான கணக்கு. விடிந்ததும் முகாம் வாயிலைத் திறக்கும் நேரத்தில் கிளம்பி, பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். பகலில் பிள்ளைகள் நீச்சல் குளத்தில் விளையாடட்டும், பெரியவர்கள் உறங்கட்டும். மூன்றரைக்கு மீண்டும் கிளம்புங்கள். லோயர் சாபி முகாமை ஒட்டியே சன்செட் டேம் என்ற நீர்நிலை இருக்கிறது. மாலையில் அங்கே போய் இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். நீர்யானையின் முதுகில் கொக்கு நிற்கும், கரையில் முதலைகள் கிடக்கும், இம்பாலா மான்கள் தயங்கித் தயங்கி நீரருகே வரும். ஒருமுறை நான் சாவியைத் திருப்பப் போனபோது மாமனார் தடுத்தார்: "இரும்மா, அந்த முதலை இப்பொழுதுதான் தலையைத் திருப்பியிருக்கிறது." அவர் சொன்னதுபோல் இருந்ததால்தான் யானைக் கூட்டம் ஒன்று குட்டிகளோடு நீருக்கு இறங்கியதைப் பார்த்தோம். முகாம் வாயில் அருகிலேயே இருப்பதால் மூடும் நேரம்வரை பதற்றமில்லாமல் இருக்கலாம். ஜூன், ஜூலையில் மாலை ஐந்தரைக்கே வாயிலை மூடிவிடுவார்கள். பிந்தினால் அபராதம்.

பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள். ஒருவர் இடப்பக்கம், ஒருவர் வலப்பக்கம். ஆளுக்கொரு தொலைநோக்கி கட்டாயம், ஒன்றையே பகிர்ந்தால் சண்டையில் சிறுத்தை போய்விடும். சிங்கத்தைத் தேடாதீர்கள், சிங்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் விலங்குகளைத் தேடச் சொல்லுங்கள். இம்பாலாக்கள் எல்லாம் ஒரே திசையில் தலை திருப்பி மூக்கால் சீறுகின்றனவா? ஒட்டகச்சிவிங்கி மெல்லுவதை நிறுத்திவிட்டு ஒரே இடத்தை உற்றுப் பார்க்கிறதா? பிணந்தின்னிக் கழுகுகள் மரத்தில் கூட்டமாகக் காத்திருக்கின்றனவா? அங்கே நில்லுங்கள். சிறுத்தைக்கு சாபி ஆற்றோரப் பெருமரங்களின் படுத்த கிளைகளைப் பார்க்க வேண்டும். முதலில் தெரிவது தொங்கும் வால்தான். சதாரா பக்கத்தில் எஸ் 100 என்ற மண்சாலை சிங்கங்களுக்குப் பெயர்பெற்றது, அதிகாலையில் அதில் போங்கள். என் மகளுக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஊதா மார்புப் பனங்காடை. நம் ஊர்ப் பனங்காடையின் உறவுக்காரப் பறவைதான், இன்னும் கூடுதல் வண்ணங்கள். பெரிய விலங்குகளை மட்டும் பட்டியல் போட்டுத் தேடும் குடும்பங்கள் இதை இழந்துவிடுகின்றன.

யானையைப் பற்றி மட்டும் கண்டிப்பாகப் பேச வேண்டும். கோயில் யானையிடம் காசு கொடுத்து ஆசி வாங்கி வளர்ந்த பிள்ளைகளுக்கு யானையிடம் பயமே இல்லை. க்ரூகர் யானை மனிதனுக்குப் பழகியதல்ல, நம் யானையைவிட உருவத்திலும் பெரியது. தாய்க்கும் குட்டிக்கும் நடுவே காரை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். கன்னத்தில் மதநீர் வழிய, பின்னங்கால்களில் சிறுநீர் சொட்ட, ஆண் யானை ஒன்று சாலையில் எதிரே வந்தால், அது நெருங்கும் முன்பே பின்னோக்கி ஓட்டிப் போய் வழிவிடுங்கள். தலையை உலுக்கிக் காதை விரித்தால் அது எச்சரிக்கை, படம் எடுக்கும் நேரமல்ல.

முகாமின் இரவு சஃபாரியில் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஏற்றமாட்டார்கள், நடைப் பயணத்துக்கு 12 வயது ஆகியிருக்க வேண்டும். இரவு சஃபாரியை ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். கழுதைப்புலியும் புனுகுப்பூனையும் விளக்கொளியில்தான் எளிதில் கிடைக்கும்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். பல அறைகளில் அடுப்பும் குளிர்பதனப் பெட்டியும் உண்டு. அரிசி, பருப்பு, காய்கறிகளை ஜோகன்னஸ்பர்க்கிலோ வழியில் இம்பொம்பேலாவிலோ வாங்கிக்கொள்ளுங்கள். மசாலாவுக்கு ஜோகன்னஸ்பர்க்கின் ஃபோர்ட்ஸ்பர்க் பகுதி. கடைகளில் அமாசி என்று விற்கும் புளித்த பாலில் தயிர்சாதம் நன்றாக வரும். மாலையில் வாசலில் உள்ள கரியடுப்பில் சோளக்கதிரும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சுடுங்கள். குரங்குகளிடம் மட்டும் கவனம். வாசலில் இருக்கும் குளிர்பதனப் பெட்டியின் தாழ்ப்பாளைத் திறக்க அவற்றுக்குத் தெரியும். எந்தக் காரணத்துக்காகவும் அவற்றுக்கு உணவு கொடுக்காதீர்கள். மனிதர் கையை நம்பிப் பழகிய குரங்கை ஒருநாள் சுட்டுத்தான் ஆக வேண்டியிருக்கும். இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

காண்டாமிருகத்தைக் கண்டால் மனமார மகிழுங்கள், இடத்தைச் சொல்லாதீர்கள். கொம்புக்காக அவற்றைத் தொடர்ந்து கொல்கிறார்கள். படத்தில் இடக்குறிப்பு பதியாதபடி போனில் முன்பே மாற்றிவிடுங்கள், அன்றன்றே பகிரவும் வேண்டாம்.

திரும்பும் நாளில் அதே மாலை விமானத்துக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். பூங்காவின் மலெலேன் வாயிலிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு சுமார் ஐந்து மணி நேரம், வழியில் சுங்கச்சாவடிகள் வேறு. இருட்டில் ஓட்ட வேண்டாம். நகரில் ஓர் இரவு தங்கிவிட்டு ஏறுங்கள். மலேரியா மாத்திரையை டாக்டர் சொன்ன கடைசி நாள்வரை விழுங்க வேண்டும். ஊர் வந்து சில வாரங்கள் கழித்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும், டாக்டரிடம் முதல் வார்த்தையாக மலேரியா உள்ள காட்டுக்குப் போய்வந்ததைச் சொல்லி, அன்றே ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.