வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு சிறுகதையை எழுதி முடிப்பது எப்படி?

பள்ளி நாளிலிருந்தே எழுத்தின்மேல் ஆசை வைத்திருந்து, இப்போது காலையில் அலுவலகத்துக்குக் கிளம்பி இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எதைப் பற்றி எழுதுவது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் நேரம். ஞாயிற்றுக்கிழமையை நம்ப வேண்டாம்; அது உறவினர் வீட்டு விசேஷங்களுக்கும் துணி துவைப்பதற்கும் உரியது. வார நாள்களில், அலுவலகம் மூளையைப் பிடித்துக்கொள்வதற்கு முன்பாக, காலையில் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

அடுத்து கருவி. கைப்பேசியிலும் கணினியிலும் ஒரே கோப்பு திறக்க வேண்டும் என்பதால் கூகுள் டாக்ஸையே பரிந்துரைக்கிறேன். தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அது உள்ளேயே இருக்கிறது. கைப்பேசிக்குச் செல்லினம் என்ற தட்டச்சுச் செயலி இருக்கிறது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ள இந்த முறையில், ‘க’வை இருமுறை அடித்தால் ‘க்க’ என்றும், ‘ந’வை அடுத்து ‘த’ அடித்தால் ‘ந்த’ என்றும் புள்ளி தானாகவே விழுந்துவிடும். ஆங்கில எழுத்துகளில் அடித்து, திரையில் வரும் சொற்பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை தொடக்கத்தில் எளிதாகத் தோன்றினாலும், ஒவ்வொரு சொல்லிலும் கண் பட்டியலுக்குத் தாவுவதால் வாக்கியத்தின் ஓட்டம் அறுந்துபோகிறது. குரல்வழித் தட்டச்சு உரையாடல்களைக் குறித்துவைக்க உதவும். ஆனால் நிறுத்தற்குறிகளையும் ஒற்றுகளையும் பிறகு உட்கார்ந்து சரிபார்த்தாக வேண்டும்.

மூன்றாவது, மறுநாள் தொடர்வது. என்னை நெடுங்காலம் தடுத்து வைத்திருந்தது இந்த இடந்தான். கிடைப்பதே அரை மணி நேரம் என்னும்போது, முந்தைய நாள் எழுதியதை முதலிலிருந்து படித்து, இங்கொரு சொல்லும் அங்கொரு சொல்லும் மாற்றி முடிப்பதற்குள் குளிக்கப் போகும் நேரம் வந்துவிடும். கதையின் முதல் பத்தி மெருகேறிக்கொண்டே இருக்கும். இரண்டாம் பக்கம் பிறக்கவே பிறக்காது. இதற்கு நான் கண்ட வழி, எழுந்திருப்பதற்கு முன் கடைசி ஐந்து நிமிடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு, அடுத்து நிகழ வேண்டியதை இரண்டு மூன்று வரியில் கோப்பின் அடியில் குறித்துவைப்பதாகும். ‘கதவைத் திறப்பது அண்ணி. பணத்தைப் பற்றி இவன் வாய் திறப்பதில்லை. உள்ளே குழந்தை அழுகிறது’ என்ற அளவில் இருந்தால் போதும். மறுநாள் அந்தக் குறிப்பையும் அதற்கு முந்தைய பத்தியையும் மட்டும் படித்துவிட்டுத் தொடங்குங்கள், மேலே போகாதீர்கள். எழுதும்போது பேருந்து எண்ணோ பூவின் பெயரோ தெரியாவிட்டால், இணையத்தில் தேடப் போகாமல் ‘@@’ என்று இட்டுக் கடந்துவிடுங்கள். கதை முடிந்தபின் அந்தக் குறியைத் தேடினால் எல்லா இடைவெளிகளும் வரிசையாகக் கிடைக்கும்.

நான்காவது, திருத்தம். முழுக் கதையும் முடியும்வரை இதைத் தொடாதீர்கள். முடிந்தபின் சில நாள் விட்டு, தாளில் அச்செடுத்து, வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறும் வாக்கியங்களைத் திருத்துங்கள்.

கடைசியாக, அனுப்புவது. யூனிகோடு எழுத்துருவில், இதழ் கேட்கும் கோப்பு வடிவில் அனுப்புங்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது.

பின்னர் சேர்த்தது: அரசுப் பணியில் இருப்பவர்கள் எழுதலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகள், 1964இன் 15ஆம் விதி, அவ்வப்போது செய்யும் இலக்கியப் பணிக்கு முன் அனுமதி தேவையில்லை என்கிறது. நிறுத்தச் சொல்லி அரசு பணித்தால் நிறுத்திவிட வேண்டும். புனைபெயர் வைத்துக்கொண்டால் எதையும் எழுதலாம் என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் அரசின் கொள்கையையோ நடவடிக்கையையோ குறைகூறி எழுதுவதைத் தடுக்கும் 9ஆம் விதி, பெயரில்லாமல் எழுதுவதையும் புனைபெயரில் எழுதுவதையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் தனியாக உள்ளன. கதையை அனுப்புவதற்கு முன் அவற்றை ஒருமுறை படித்துவிடுங்கள்.