வெளிநாட்டு சம்பளத்த கன்வெர்ட் பண்ணி பாத்துட்டு முடிவெடுக்காதீங்க

ஆஃபர் லெட்டர் வந்த உடனே எல்லாரும் செய்யற முதல் வேலை, அந்த சம்பளத்த இப்ப இருக்கற நாட்டு காசுக்கு மாத்தி பாக்குறதுதான். நானும் அதத்தான் செஞ்சேன், மூணு மடங்கு வருதுன்னு ராத்திரி தூக்கமே வரல, ஆனா அங்க போய் நாலாவது மாசம்தான் தெரிஞ்சுது மாசக் கடைசில கையில நிக்கிறது முன்னாடி நின்னத விட கம்மின்னு. அதனால நீங்க பாக்க வேண்டியது அந்த மிச்சத்ததான், சம்பளத்த இல்ல.

முதல்ல பிடித்தம் எல்லாம் போக கையில எவ்வளவு வரும்னு பாருங்க. அமீரகத்துல தனிநபர் வருமான வரியே கிடையாது, ஜெர்மனில வரியோட சேத்து ஹெல்த் இன்சூரன்ஸ், பென்ஷன், வேலையில்லா காப்பீடுன்னு வரிசையா புடிப்பாங்க, அதனால ரெண்டு ஆஃபர்லயும் ஒரே நம்பர் இருந்தாலும் கைக்கு வர்றது ஒண்ணா இருக்காது. ஆனா புடிக்கிறாங்களேன்னு மட்டும் பயப்படாதீங்க, அந்த காசுல வைத்தியமும் பிள்ளைங்க படிப்பும் அடங்கிடுதான்னு கேளுங்க. வரி இல்லாத ஊர்ல ஸ்கூல் ஃபீஸ் முழுசும் உங்க பாக்கெட்ல இருந்து போகும்னா கணக்கு தலைகீழாயிடும்.

அடுத்து உங்க செலவு லிஸ்ட். நெட்ல கிடைக்கற "சராசரி குடும்பத்துக்கு இவ்வளவு" கணக்க எடுக்காதீங்க, உங்க பேங்க் ஸ்டேட்மென்ட்ல கடைசி மூணு மாசத்த எடுத்து வாடகை, மளிகை, போக்குவரத்து, பிள்ளைங்க, மருந்து, வெளில சாப்பாடுன்னு பிரிச்சு எழுதுங்க. வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற செலவு, அதாவது ஊருக்கு போற டிக்கெட், விசா ரினியூவல், இன்சூரன்ஸ், இதையும் 12ஆல வகுத்து சேத்துக்கோங்க, பாதி பேர் விடறது இங்கதான்.

இப்ப அந்த லிஸ்ட்ல மனுஷ உழைப்பு எது, பொருள் எதுன்னு குறிங்க. போன், லேப்டாப் மாதிரி ஒரு நாட்டுல செஞ்சு உலகம் பூரா விக்கிற சாமான் விலை பெரும்பாலான நாட்டுல பெருசா மாறாது. முடி வெட்டறது, வீட்டு வேலைக்கு ஆள், பிளம்பர், குழந்தைய பாத்துக்கறது, இதெல்லாம் கப்பல்ல ஏத்தி கொண்டு வர முடியாது, அந்த ஊர் சம்பளத்துக்குதான் கிடைக்கும், அதனால சம்பளம் அதிகமான நாட்டுல விலை பல மடங்கு ஏறும். சின்னக் குழந்தை இருந்து ரெண்டு பேரும் வேலைக்கு போறவங்கன்னா டேகேர் செலவ தனியா விசாரிக்காம கிளம்பவே கிளம்பாதீங்க, அது ஒருத்தரோட சம்பளத்துல பெரிய பங்க சாப்பிட்டுடும்.

வாடகை விஷயத்துல நிதானமா இருங்க. வாடகைன்னு சொல்ற வார்த்தைக்குள்ள என்ன அடங்குதுங்கறது நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனில 'கால்ட்மீட்ட'ன்னா வெறும் வாடகை, 'வார்ம்மீட்ட'ன்னா ஹீட்டிங், பராமரிப்பு சேத்து, கரென்ட் பில் அதுலயும் பெரும்பாலும் வராது. இங்கிலாந்துல வாடகைக்கு மேல கவுன்சில் டேக்ஸ்னு உள்ளூர் நிர்வாகத்துக்கு கட்டற வரி ஒண்ணு தனியா வரும். அட்வான்ஸும் அப்படித்தான், ஜெர்மனில சட்டப்படி மூணு மாச வெறும் வாடகைக்கு மேல வாங்க முடியாது, அதையும் மூணு தவணையா கட்ட உரிமை இருக்கு, போற நாட்டுல இந்த மாதிரி சட்டம் என்னன்னு முன்னாடியே தெரிஞ்சா ஏமாற மாட்டீங்க. கடைல பொருள் மேல விலை ஒட்டின சீட்டும் ஒரே மாதிரி இல்ல, ஐரோப்பால வாட் (VAT) அப்படிங்கற விற்பனை வரிய சேத்த விலை போட்டிருக்கும், அமெரிக்கால நிறைய மாநிலத்துல பில் போடும்போதுதான் சேல்ஸ் டேக்ஸ் ஏறும்.

ஊர் ஊரா விலைவாசிய ஒப்பிட்டு காட்டற நம்பியோ (Numbeo) மாதிரி சைட் உதவும், பாருங்க, ஆனா அங்க விலைய போடறது நம்மள மாதிரி ஜனங்கதான், சின்ன ஊருக்கு எத்தன பேர் போட்டிருக்காங்கன்னும் கவனிங்க. நியூயார்க்க 100ன்னு வெச்சுதான் மத்த ஊருக்கு நம்பர் குடுப்பாங்க, முக்கியமா அவங்க போடற காஸ்ட் ஆஃப் லிவிங் இண்டெக்ஸ்ல, அதாவது அந்த விலைவாசி நம்பர்ல, வாடகை சேராது, வாடகையோட சேந்தது தனி இண்டெக்ஸ். இது தெரியாம ஊர் மலிவுன்னு நெனச்சு போய் மாட்டிக்கிட்டவங்கள பாத்திருக்கேன். எகனாமிஸ்ட் பத்திரிகை 1986லருந்து போடற பிக் மேக் இண்டெக்ஸ், அதாவது மெக்டொனால்ட்ஸ் பர்கர் விலைய நாட்டுக்கு நாடு ஒப்பிடற கணக்கு, கரன்சி மதிப்ப அளக்கறதுக்கு, உங்க குடும்ப பட்ஜெட்டுக்கு இல்ல.

வீட்டுக்கு பணம் அனுப்பறவங்க அந்தத் தொகைய மட்டும் எக்ஸ்சேஞ்ச் ரேட்ல கணக்கு போடுங்க, மத்த கணக்க எல்லாம் அந்த ஊர் காசுலயே வைங்க. 200 டாலர் அனுப்ப உலக சராசரியா 6 சதவீதத்துக்கு மேல செலவா போகுதுன்னு உலக வங்கி கணக்கு சொல்லுது, கட்டணம் கம்மியா காட்டி ரேட்ல எடுத்துக்கறவங்களும் உண்டு, அதனால கடைசில அந்தப் பக்கம் எவ்வளவு போய் சேருதுன்னு மட்டும் பாத்து கம்பேர் பண்ணுங்க.

முதல் மாசத்துக்கு தனி பட்ஜெட் போடுங்க. அட்வான்ஸ், முதல் வாடகை, கட்டில், சமையல் சாமான், குளிர் ஊர்னா கோட்டு, எல்லாம் முதல் சம்பளம் வர்றதுக்கு முன்னாடியே வாங்கியாகணும். ரீலொகேஷன் பணம் கம்பெனி தருதுன்னா அது கைக்கு எப்ப வரும், பில் குடுத்த பிறகா முன்னாடியான்னு எழுத்துல கேளுங்க. கடைசியா, அங்க இருக்கற யார்கிட்டயாவது "செலவு அதிகமா?"ன்னு கேக்காம "போன மாசம் கரென்ட் பில் எவ்வளவு வந்துது, ஆபீஸ் போக பாஸ் எவ்வளவு"ன்னு கேளுங்க, அப்பதான் லிஸ்ட்ல எழுதற மாதிரி ஒரு நம்பர் கிடைக்கும்.